பேங்க்: ஒரு குட்டி ஆங்கிலச் சொல்லின் பல பொருள்களையும் பிறப்பையும் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் நீளமான சொற்கள் நம்மை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. ‘போட்டோசிந்தசிஸ்’ என்றால் ஒளிச்சேர்க்கைதான். அகராதியை ஒருமுறை புரட்டினால் வேலை முடிந்துவிடும். தொல்லை தருபவை தினமும் வாயில் புழங்கும் குட்டிச் சொற்களே. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவைப் பிடித்துக்கொண்ட சொல் ‘செட்’ என்பதே இதற்குப் போதிய சான்று. அதை எடுத்து அலசத் தொடங்கினால் ஒரு நூலே எழுத வேண்டியிருக்கும். ஆகவே அளவாகவும் சுவையாகவும் உள்ள ‘பேங்க்’ என்ற சொல்லை மாதிரியாக வைத்துக்கொண்டு, இத்தகைய சொற்களின் பொருள்களை எப்படித் தரம் பிரிப்பது, அவற்றின் பிறப்பை எப்படித் தேடுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மொழிபெயர்ப்பவர்களுக்கும், ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கும், அகராதியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராதவர்களுக்கும் இது பயன்படும்.

முதல் படி: பொருளை விட்டுவிட்டு வாக்கியங்களைத் திரட்டுங்கள்

‘பேங்க் என்றால் வங்கி’ என்று தொடங்குவதுதான் வழக்கமான பிழை. மனத்தில் முதலில் வரும் பொருளே மூலப் பொருள் என்று நாம் நம்பிவிடுகிறோம். அதன்பின் காணும் மற்றப் பொருள்களை எல்லாம் அதனோடு எப்படியாவது முடிச்சுப் போடப் பார்க்கிறோம். அதற்குப் பதிலாக, அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ அந்த இடங்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

‘பேங்க்’ என்ற சொல்லுக்கு இப்படித் திரட்டினால் என்னென்ன கிடைக்கும்? பணம் போட்டு எடுக்கும் வங்கி இருக்கிறது. ஆற்றின் கரை இருக்கிறது. நாளிதழில் அடிக்கடி காணும் ‘வெஸ்ட் பேங்க்’, அதாவது யோர்தான் ஆற்றின் மேற்குக் கரை இருக்கிறது. கடலுக்கடியில் மீன் செழிக்கும் மேடுகளுக்கும் அதே பெயர். வட கடலின் டாகர் பேங்க், நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள கிராண்ட் பேங்க்ஸ், நம் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் ஆகியவை அந்த வகை. மேகம் திரண்டு நின்றால் அதுவும் பேங்க், பனி குவிந்து கிடந்தால் அதுவும் பேங்க். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பினால் அதுவும் பேங்க்தான். அடுப்பின் தணலைச் சாம்பலால் மூடி இரவெல்லாம் அணையாமல் காப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினையைச் சொல்வார்கள். துணை மின் நிலையத்தில் ‘கெப்பாசிட்டர் பேங்க்’ என்று பலகை வைத்திருப்பார்கள். கைப்பேசிக்கு ‘பவர் பேங்க்’, மருத்துவமனையில் ‘பிளட் பேங்க்’, சூதாட்ட விடுதியில் ஆட்டத்தை நடத்துபவரின் கையிருப்பு, பில்லியர்ட்ஸ் மேசையின் விளிம்பு, ஒருவரை நம்பி இருப்பதைக் குறிக்கும் ‘பேங்க் ஆன்’ என்ற தொடர் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இந்தக் கட்டத்தில் எதையும் வகைப்படுத்த வேண்டாம். எது எதோடு சேரும் என்று தோன்றினாலும் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். முதலில் தோன்றும் வகைப்பாடு பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

இரண்டாம் படி: ஒரு சொல்லா, ஒரே உருவில் பல சொற்களா?

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் மேலே போகக் கூடாது. தமிழிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ‘வாய்’ என்ற சொல் மனிதனின் வாயையும் குறிக்கும், பானையின் வாயையும் குறிக்கும். இரண்டும் ஒரே சொல். உருவ ஒப்புமையால் பொருள் விரிந்திருக்கிறது. ஆனால் ‘பாங்கி’ அப்படியல்ல. அகப்பாடல்களில் தலைவியின் தோழிக்குப் பாங்கி என்று பெயர். சென்ற நூற்றாண்டின் தமிழ் இதழ்களிலோ பணம் போடும் நிறுவனத்தைப் ‘பாங்கி’ என்று எழுதினார்கள். இம்பீரியல் பாங்கி, இந்தியன் பாங்கி என்றெல்லாம் விளம்பரங்களில் அச்சாயிற்று. தோழிக்கும் பணத்துக்கும் எந்த உறவும் இல்லை. இதுபோலவே தொழுகைக்கு அழைக்கும் ‘பாங்கு’ பாரசீகத்தில் ஒலி அல்லது கூவல் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ‘பாங்காக நடந்துகொண்டான்’ என்பதில் உள்ள பாங்கு தமிழுக்கே உரியது. இப்போது நாம் எழுதும் ‘வங்கி’ கூட, கையில் அணியும் வங்கி என்ற நகையோடு ஒலியால் மட்டுமே ஒத்துப்போகிறது.

பெரிய ஆங்கில அகராதிகள் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துவைத்திருக்கின்றன. ஒரே எழுத்துக்கூட்டல் உடைய சொற்கள் வெவ்வேறு பிறப்புடையவை என்றால், அவற்றைத் தனித்தனிப் பதிவுகளாக்கி, தலைச்சொல்லின் தோளில் சிறிய எண் ஒன்றைப் போடுவார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியில் ‘பேங்க்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு இப்படித் தனித்தனியாகப் பதிவுகள் உள்ளன. அவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று: முதலாவது மேடு அல்லது சரிவு, இரண்டாவது இருக்கைப் பலகை, மூன்றாவது பணம் வைக்கும் இடம். நம்மில் பலர் இரண்டு பொருள்களை எதிர்பார்த்துத்தான் அகராதியைத் திறப்போம். நடுவில் ஒரு பெஞ்சு வந்து உட்கார்ந்திருப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிறப்பைத் திறக்கும் சாவியே அந்தப் பெஞ்சுதான்.

மூன்றாம் படி: காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதன்முதலாக எப்போது காணப்படுகிறது என்பதை அகராதி தரும். மேடு என்ற பொருள் 1200ஐ ஒட்டி ஆங்கிலத்தில் கிடைக்கிறது. இருக்கைப் பலகை என்ற பொருளும் ஏறத்தாழ அதே காலத்தது. பணத்தோடு தொடர்புடைய பொருள் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது.

இந்தத் தேதிகளால் உடனடியாக ஒரு நன்மை உண்டு. ‘ஆற்றின் கரை தண்ணீரைத் தேக்கிக் காப்பதுபோல வங்கி பணத்தைக் காக்கிறது, அதனால்தான் இரண்டுக்கும் ஒரே பெயர்’ என்று சிலர் விளக்குவதுண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பணத்துக்கான சொல் ஆங்கிலக் கரையிலிருந்து கிளைக்கவில்லை. அது முந்நூறு ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டிலிருந்து தனியாக இறக்குமதியானது. எனினும் தேதிகளை வைத்து ஓர் எல்லைக்கு மேல் வாதாடவும் கூடாது. பிந்திய பொருளிலிருந்து முந்திய பொருள் பிறக்க முடியாது என்பது உறுதி. முந்தியது என்பதாலேயே அது பிந்தியதன் தாய் ஆகிவிடாது என்பதும் அதே அளவுக்கு உறுதி.

நான்காம் படி: சொல் வந்த வழியைப் பின்தொடருங்கள்

மற்றப் படிகளைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று ‘பேங்க்’குகளும் மூன்று வழிகளில் ஆங்கிலத்துக்கு வந்தன.

முதல் வழி வடகடலைக் கடந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்தும் நார்வேயிலிருந்தும் கப்பலேறி வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் பயிர் செய்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகியதால் அவர்களுடைய அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தில் ஊறிவிட்டன. முட்டைக்கான ‘எக்’, வானத்துக்கான ‘ஸ்கை’, சன்னலுக்கான ‘விண்டோ’, ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘தே’ ஆகியவை அந்த வரவுகளே. மேட்டைக் குறிக்கும் பேங்க்கும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இதன் வடிவம் ‘பக்கி’. இடையில் இருந்த மூக்கொலி அடுத்து வந்த ககரத்தில் கரைந்து இரட்டித்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘டிரிங்க்’ என்பது நார்ஸில் ‘டிரெக்கா’ என்று ஆனதும் இதே போக்கில்தான். மூக்கொலி கரையாத பழைய வடிவம் இங்கிலாந்துக்குள் நுழைந்ததால்தான் அங்கே இன்றும் ‘பேங்க்’ என்று ஒலிக்கிறது.

இரண்டாம் வழி பிரெஞ்சு வழி. பழைய பிரெஞ்சில் ‘பாங்க்’ என்றால் நீண்ட இருக்கை. பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லைத் தங்களை ஆண்ட செருமானிய இனத்தாரிடமிருந்து பெற்றார்கள். அது ஆங்கிலத்துக்கு வந்தபோது துடுப்புப் போடுபவர்கள் அமரும் பலகையையும், நீதிபதிகள் அமரும் இருக்கையையும் குறித்தது. இன்றும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் நீதிபதிகள் அனைவரும் கூடி அமர்ந்து விசாரிப்பதை ‘ஆன் பாங்க்’ என்ற பழைய பிரெஞ்சுத் தொடராலேயே சொல்கிறார்கள். நம் ஊரில் ‘டிவிஷன் பெஞ்ச்’, ‘மதுரை பெஞ்ச்’ என்று வழக்கறிஞர்கள் பேசுவதிலும் இருக்கையே நீதிமன்றமாகி நிற்கிறது.

மூன்றாம் வழி இத்தாலியிலிருந்து புறப்பட்டது. இடைக்கால இத்தாலிய நகரம் ஒவ்வொன்றும் தனக்கென நாணயம் அடித்தது. ஓர் ஊர் வணிகன் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போனால் முதல் வேலை காசு மாற்றுவதுதான். காசு மாற்றுபவர் சந்தையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் தராசையும் நாணயக் குவியலையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அந்தப் பலகைக்கு இத்தாலியில் ‘பாங்கோ’ அல்லது ‘பாங்கா’ என்று பெயர். நாளடைவில் பலகையின் பெயர் தொழிலுக்கு ஆனது. தொழிலின் பெயர் நிறுவனத்துக்கு ஆனது. ஜெனோவாவில் 1407இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் வங்கி ‘பாங்கோ’ என்ற பெயரைத் தாங்கியே இயங்கியது. இத்தாலியர்கள் லண்டனிலும் கடை விரித்தார்கள்; அவர்கள் குழுமிய தெருவுக்கு லொம்பார்டு தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் இந்தச் சொல் ஆங்கிலம் புகுந்தது. 1694இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தொடங்கப்பட்டபோது பலகை முற்றிலும் மறந்துபோய், பணம் மட்டுமே சொல்லில் எஞ்சியிருந்தது.

இப்போது மூன்று வழிகளையும் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். நார்ஸின் ‘பக்கி’யும், பிரெஞ்சின் ‘பாங்க்’கும், இத்தாலியின் ‘பாங்கா’வும் ஆங்கிலம், ஜெர்மன், நார்ஸ் ஆகியவற்றின் மூதாதையான தொன்மைச் செருமானிய மொழியில் ஒரே வேரில் கூடுகின்றன. தட்டையாகத் துருத்தி நிற்கும் ஒன்று, திட்டு, திண்ணை என்பதுதான் அந்த வேரின் பொருளாக இருந்திருக்க வேண்டும். மண்ணால் ஆன திட்டு ஆற்றங்கரை ஆயிற்று. மரத்தால் ஆன திட்டு பெஞ்சு ஆயிற்று. பெஞ்சின்மேல் காசு வந்தவுடன் வங்கி ஆயிற்று. அதாவது, ஆற்றங்கரையும் வங்கியும் தொடர்பற்றவை என்று இரண்டாம் படியில் எண்ணியதும் முழு உண்மையன்று. நேரடித் தொடர்பு உண்டு என்று நினைப்பதும் உண்மையன்று. பல தலைமுறைகளுக்கு முன் பிரிந்துபோன பங்காளிகள் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்து, ஒரே தெருவில் ஒரே பெயரோடு குடிவந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

ஐந்தாம் படி: சுற்றத்தாரைத் தேடுங்கள்

ஒரு சொல்லின் வரலாறு சரிதானா என்று அறிய, அதன் சுற்றத்தை விசாரிப்பதைவிட நல்ல வழி இல்லை. மேலே சொன்னது உண்மையானால், வேறு மொழிகளிலும் பெஞ்சும் வங்கியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் அல்லவா? இருக்கின்றன. ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் ‘பாங்கோ’ என்ற ஒரே சொல் பூங்காவில் உட்காரும் பெஞ்சுக்கும் பணம் போடும் வங்கிக்கும் பெயர். ஜெர்மனில் ஒருமையில் இரண்டுக்கும் ‘பாங்க்’. பன்மையில் மட்டும் பெஞ்சுகள் ‘பெங்கெ’ என்றும் வங்கிகள் ‘பாங்கன்’ என்றும் பிரிந்துவிடுகின்றன.

ஆங்கிலத்தின் ‘பெஞ்ச்’ இதற்கு உடன்பிறப்பு. வைக்கிங்குகள் வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்த சொந்தச் சரக்கு அது. பின்னால் வந்த இகரத்தின் ஈர்ப்பால் முன்னிருந்த அகரம் எகரமாயிற்று; ஒருமையில் ‘மேன்’ என்பது பன்மையில் ‘மென்’ ஆவதற்கும் இதுவே காரணம். ககரம் பழைய ஆங்கிலத்தில் சகரமாக மெலிந்தது. வடக்கே ஸ்காட்லாந்தில் ‘கிர்க்’ என்னும் தேவாலயம் தெற்கே ‘சர்ச்’ ஆனதைப் போல. எனவே ஒரே வேர் ஆங்கிலத்தில் உள்ளூர்ப் பிள்ளையாக ஒருமுறையும், வெளியூர் விருந்தாளியாக மூன்று முறையும் வந்திருக்கிறது.

திருமண மண்டபங்களில் நாம் காணும் ‘பேங்க்வெட் ஹால்’ இதே குடும்பம். சிறிய பெஞ்சு என்பதுதான் அதன் முதற்பொருள். மேசையில் முறையாக அமராமல் பெஞ்சில் உட்கார்ந்து கொறித்த சிற்றுண்டி, காலப்போக்கில் பெருவிருந்தாக ஊதிவிட்டது. சந்தையில் பெஞ்சின்மேல் ஏறி நின்று மருந்து விற்ற போலி வைத்தியனை இத்தாலியர்கள் ‘பெஞ்சேறி’ என்ற பொருளில் அழைத்தார்கள். அதுவே ஆங்கிலத்தில் ‘மவுண்டிபேங்க்’ ஆயிற்று. நம் ஊர்ச் சந்தைகளில் லேகியம் விற்பவருக்கு இப்படி ஒரு பெயர் அமையாமல் போனது வியப்புதான்.

இந்தச் சுற்றம் தமிழிலும் இருக்கிறது. ஈழத்தில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சை ‘வாங்கு’ என்பார்கள். ‘கடைசி வாங்கில் இருந்தவன்’ என்றால் அங்கே எல்லாருக்கும் விளங்கும். போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற ‘பாங்கோ’தான் அது; சிங்களத்தில் ‘பங்குவ’ என்று வழங்குவதும் அதுவே. ஆக, வாங்கில் அமர்ந்து படித்த ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை பின்னாளில் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தால், போர்ச்சுகீசியர் கொண்டுவந்த அதே சொல்லின் ஆங்கில வடிவத்துக்குள்தான் போய்ச் சேர்கிறது.

உறவே இல்லாத வேறொரு சொல்லில் அதே பொருள்மாற்றம் நிகழ்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ‘டிரபேசா’ என்றால் மேசை. காசு மாற்றுபவரின் மேசையைக் குறித்து, பிறகு தொழிலைக் குறித்து, இன்றைய கிரேக்கத்தில் வங்கிக்கே அதுதான் பெயர். லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் பணத்தை ஏன் அங்கே வைக்கவில்லை என்று எஜமான் கேட்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘மேசை’. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ‘பேங்க்’ ஆகியிருக்கிறது. பெஞ்சிலிருந்து வங்கி பிறந்தது என்பதை இதைவிட வலுவாக ஆதரிக்கும் துணைச் சான்று கிடைப்பது அரிது. சிங்கப்பூரிலும் பர்மாவிலும் வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் தொழிலிடமான கிட்டங்கியில் தரையில் அமர்ந்து, ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் கணக்கெழுதினார்கள். அங்கே வேலை கற்கச் சேர்ந்த சிறுவனுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்று பெயர். பணத்தொழில் எங்கே போனாலும் அதற்குப் பெயர் கொடுப்பது தட்டுமுட்டுச் சாமான்தான் போலும்.

ஆறாம் படி: கதைகளைச் சோதித்துப் பாருங்கள்

சொற்பிறப்பு என்ற பெயரில் உலவும் கதைகள் ஏராளம். திவாலானவரைக் குறிக்கும் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் ‘உடைந்த பெஞ்சு’ என்று பொருள்படும் ‘பாங்கா ரொத்தா’ என்பதிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. கடன் திருப்ப முடியாத காசுக்கடைக்காரரின் பெஞ்சை ஊரார் சந்தையிலேயே அடித்து நொறுக்கினார்கள் என்றும், அதிலிருந்து பெயர் வந்தது என்றும் கூடவே ஒரு கதை சொல்வார்கள். சொல்லின் பிறப்புக்கும் இந்தக் கதைக்கும் இடையே கோடு போட வேண்டும். ‘உடைந்தது’ என்பது தொழில் நொடித்ததைச் சொல்லும் உருவகமாகவே இருந்திருக்கலாம். 1340களில் புளோரன்சு நகரின் பார்தி, பெருத்சி என்னும் பெரும் வணிகக் குடும்பங்கள் சரிந்ததைப் போன்ற வீழ்ச்சிகளுக்கு ஒரு மரப்பலகையை உடைப்பது ஈடாகவும் இருக்காது. ஆங்கிலத்தில் 1542ஆம் ஆண்டுச் சட்டமே இத்தகைய கடனாளிகளைப் பற்றிப் பேசுகிறது. பிற்பாடு, படித்தவர்கள் இந்தச் சொல்லை இலத்தீனைப் பார்த்துத் திருத்தி எழுதியதால்தான் அதன் வாலில் ‘ரப்ட்’ ஒட்டிக்கொண்டது.

தமிழில் திவாலானவரை ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்கிறோம். அங்கே தாள், இங்கே பலகை. பேச்சு வழக்கு ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிக்கொள்வது இயல்பு. அந்தப் பொருளைச் சுற்றி முழுக் காட்சியைக் கட்டி எழுப்புவது பின்வந்தவர்களின் கற்பனை.

இன்னொரு கதை, ‘பிக்கி பேங்க்’ எனப்படும் பன்றி வடிவ உண்டியலைப் பற்றியது. ஒருவகைக் களிமண்ணின் பழைய பெயரே பன்றியின் பெயராகத் திரிந்தது என்பார்கள். ஸ்காட்லாந்து வழக்கில் மண்பானைக்குப் பன்றியின் பெயரை ஒத்த சொல் இருந்தது உண்மைதான். ஆனால் உண்டியலுக்கு இந்தப் பெயர் பரவலானது 20ஆம் நூற்றாண்டில். இடைப்பட்ட நெடுங்காலத்துக்குச் சங்கிலியின் கண்ணிகள் இல்லை. மேலும், சாவகத் தீவில் மஜபாகித் அரசுக் காலத்திலேயே பன்றி வடிவில் சுடுமண் உண்டியல்கள் செய்திருக்கிறார்கள். இந்தோனேசிய மொழியில் உண்டியலுக்கான சொல்லே காட்டுப்பன்றியின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலச் சொல்லின் விபத்தால் மட்டும் உண்டியல் பன்றியாகவில்லை என்பதை இது காட்டுகிறது.

ஒரு கதையைக் கேட்டவுடன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இடைப்பட்ட காலத்துக்கு எழுத்துச் சான்று உண்டா? இந்தக் கதை இல்லாமலேயே சொல்லை விளக்க முடியுமா? முதலாவதுக்கு ‘இல்லை’ என்றும் இரண்டாவதுக்கு ‘முடியும்’ என்றும் விடை வந்தால், கதையை ரசித்துவிட்டு விட்டுவிடலாம்.

ஏழாம் படி: பட்டியலை மூன்று தொட்டிகளில் போடுங்கள்

இப்போதுதான் முதற்படியில் திரட்டிய பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வழக்கையும் மேடு, பெஞ்சு, பணம் என்ற மூன்றில் ஒன்றில் சேர்ப்பதே வேலை.

மேட்டின் தொட்டி பெரியது. ஆற்றங்கரை, கடலடித் திட்டு, மேகத் திரள், பனிக்குவியல் அனைத்தும் இதில் சேரும். பில்லியர்ட்ஸ் மேசையின் உயர்ந்த விளிம்பும் இதுவே. பந்தை விளிம்பில் மோதவிட்டு அடிப்பதற்குப் ‘பேங்க் ஷாட்’ என்ற பெயர் வந்ததும் அதனால்தான். தணலின்மேல் சாம்பலையும் கரித்தூளையும் மேடாகக் குவிப்பதால் நெருப்பைக் காப்பதும் இங்கேதான் வரும். நெருப்பைச் ‘சேமிப்பதால்’ பணத் தொட்டியில் போடத் தோன்றும், ஏமாறக் கூடாது. விமானத்தின் சாய்வும் சரிவிலிருந்து வந்தது. வளைவுகளில் சாலையின் வெளிவிளிம்பை உயர்த்திக் கட்டுவதைப் பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘பேங்கிங்’ என்று படித்திருப்போம். வங்கிப் பணிக்கான தேர்வுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று விழித்தவர்களுக்கு விடை இதுதான்: அந்தச் சாலை சாய்தளம், வேறொன்றுமில்லை.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்தளங்களை ஆங்கிலேய அதிகாரிகள் ‘பேர்ல் பேங்க்ஸ்’ என்று எழுதினார்கள். குளியாட்களும் கடலோடிகளும் அவற்றைப் ‘பார்’ என்றே சொன்னார்கள். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தொள்ளாயிரம் பார் பெயர் பெற்றது. பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் இங்கே அகராதியை நம்பி ‘முத்துக் கரை’ என்று எழுதினால், கடற்கரையில் முத்து கிடப்பதாகப் பொருள் ஆகிவிடும்.

பெஞ்சின் தொட்டி சிறியது, ஆனால் அதிகம் குழப்புவதும் அதுவே. துடுப்புக்காரர்களின் பெஞ்சு முதலில் ஒரு பலகை. பிறகு பலகையில் வரிசையாக நீட்டிய துடுப்புகளின் அடுக்கு. அதன்பின் வரிசையாக அமைந்த எதுவும். இசைக்கருவியின் விசைகள், சுவரில் உள்ள மின்பொத்தான்கள், உயரமான கட்டடத்தில் அடுத்தடுத்து நிற்கும் லிப்டுகள் என வரிசை இருந்தால் ‘பேங்க்’. மின் நிலையத்துக் கெப்பாசிட்டர் பேங்க் இந்த வகை. கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைத் தேக்குவது தற்செயல். பல கெப்பாசிட்டர்களை ஒன்றாக இணைத்து நிறுத்தியிருப்பதுதான் பெயருக்குக் காரணம். பையில் கொண்டுபோகும் பவர் பேங்க் அப்படியல்ல. மின்சாரத்தைப் போட்டுவைத்து வேண்டும்போது எடுப்பதால் அது பணத் தொட்டியைச் சேர்ந்தது.

பணத் தொட்டியில் எஞ்சியவை எல்லாம் தாமே வந்து விழும். 1937இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு பான்டஸ் என்ற மருத்துவர், தானமாகப் பெற்ற ரத்தத்தைச் சேமித்து வழங்கும் அமைப்புக்கு ‘பிளட் பேங்க்’ என்று பெயர் சூட்டினார். போடுவதும் எடுப்பதும் கணக்கில் ஏறும் என்பதால் பெயர் கச்சிதமாகப் பொருந்திற்று. அதன் வெற்றிக்குப் பிறகு கண் வங்கி, விதை வங்கி, உணவு வங்கி என்று இந்தக் கிளை தழைத்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் வந்த ‘பேங்க் ஹாலிடே’ முதலில் வங்கிகளுக்கான விடுமுறை. இன்று ஊருக்கே விடுமுறை. ஒருவரை நம்புவதைச் சொல்லும் ‘பேங்க் ஆன்’ 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கு.

தொட்டிகளைப் பிரித்துப் பழக, லண்டன் சுரங்க ரயில் வரைபடம் நல்ல பயிற்சிக்களம். ‘பேங்க்’ என்ற நிலையம் இங்கிலாந்து வங்கியின் அருகில் இருப்பதால் பெயர் பெற்றது. ‘எம்பேங்க்மென்ட்’ என்ற நிலையம் தேம்சு ஆற்றுக்குக் கட்டப்பட்ட கரையால் பெயர் பெற்றது. ஒன்று இத்தாலிய மேசை, மற்றொன்று வைக்கிங்குகளின் மண்மேடு.

எட்டாம் படி: தமிழுக்குக் கொண்டுவரும்போது

தொட்டி தெரிந்துவிட்டால் தமிழாக்கம் பாதி முடிந்த மாதிரி. மேட்டின் தொட்டிக்குக் கரை, திட்டு, மேடு, பார், சரிவு, திரள் என்று தமிழில் தாராளமாகச் சொற்கள் உள்ளன. எது என்பதை நிலமும் நீரும் தீர்மானிக்கும். ஆற்றின் கரையைச் சொல்லும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: ஆங்கிலத்தில் ‘லெப்ட் பேங்க்’, ‘ரைட் பேங்க்’ என்பவை நீர் ஓடும் திசையை நோக்கி நின்று பார்த்தால் அமையும் இடமும் வலமும். பாரிசு நகரின் ‘இடதுகரை’ அந்தக் கணக்குப்படிதான். காவிரிக்கு நாம் வடகரை, தென்கரை என்று திசையால் சொல்வதே தெளிவு.

பணத் தொட்டிக்கு ‘வங்கி’ நிலைபெற்றுவிட்டது. ரத்த வங்கி, உணவு வங்கி ஆகியவற்றிலும் அது நன்றாகவே பொருந்துகிறது. ‘சேமிப்பகம்’ என்று மாற்றினால் போடுவதும் எடுப்பதும் என்ற இருவழி ஓட்டம் போய்விடும் என்பது என் கருத்து.

பெஞ்சின் தொட்டியில்தான் இயந்திர மொழிபெயர்ப்பும் அவசரக்கார மனிதரும் ஒருசேர வழுக்குகிறார்கள். ‘மின்தேக்கி வங்கி’ என்று எழுதினால் படிப்பவருக்குச் சேமிப்புக் கிடங்குதான் கண்முன் வரும். ‘மின்தேக்கி வரிசை’ அல்லது ‘மின்தேக்கித் தொகுதி’ என்றால் அங்கே உண்மையில் என்ன நிற்கிறதோ அது தெரியும். சுவரில் உள்ள பொத்தான்களுக்கும் வரிசை போதும். பழங்காலப் போர்க்கப்பலின் துடுப்புகளுக்கு மட்டும் ‘அடுக்கு’ என்று எழுத வேண்டும், ஏனெனில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன.